28 விழுக்காடு என்றால் திருட்டா? ஒப்புமை அறிக்கையைப் படிக்கும் விதம்

ஆய்வேடுகளை மென்பொருளில் ஏற்றி, அவற்றின் வாசகம் வேறு இடங்களில் இருப்பதோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்துக் கொடுப்பது பல்கலைக்கழக நூலகத்தில் என் பொறுப்பு. அறிக்கை வந்ததும் மாணவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பர்சன்ட் வந்திருக்கு மேடம்?" நெறியாளர்கள் கேட்பதும் அதையேதான், 'மேடம்' மட்டும் இருக்காது. எண் வரம்புக்குள் இருந்தால் கையெழுத்து விழுந்துவிடும். தாண்டினால் "குறைச்சுக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பக்கங்களைத் திறப்பவர்கள் குறைவு. திறக்க நினைக்கும் நெறியாளருக்கும் தேர்வாளருக்கும், தன் ஆய்வேட்டைத் தானே சரிபார்க்க விரும்பும் மாணவருக்கும் இதை எழுதுகிறேன்.

டர்னிட்டின், ஐதென்டிகேட் போன்ற கருவிகள் கருத்துத் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. அவற்றை விற்பவர்களே தங்கள் வழிகாட்டிகளில் இதைச் சொல்கிறார்கள். கோப்பில் இருக்கும் சொற்றொடர் தங்கள் கிடங்கில் (சேமித்து வைத்திருக்கும் இணையப் பக்கங்கள், இதழ்கள், மாணவர் தாள்களில்) வேறெங்காவது அதே வரிசையில் இருக்கிறதா என்றுதான் அவை பார்க்கின்றன. உரையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்களைக் கிடங்கில் தேடுவது இவ்வகைக் கருவிகளின் பொதுவான வழி. யார் முதலில் எழுதினார், மூலத்தைக் குறிப்பிட்டாரா, அந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களா என்பதெல்லாம் அந்தத் தேடலுக்குள் வருவதே இல்லை. அதையெல்லாம் படிக்கிறவர்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுக்கு முன் அமைப்பைப் பாருங்கள்

அறிக்கையைத் திறந்ததும் வடிகட்டிகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். நூற்பட்டியல் விலக்கப்பட்டிருக்கிறதா? மேற்கோள்கள் விலக்கப்பட்டிருக்கின்றனவா? எத்தனை சொல்லுக்குக் குறைவான பொருத்தங்களைத் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள்? ஒரே கோப்பு இந்த மூன்றையும் பொறுத்து வெவ்வேறு எண்ணைக் காட்டும். ஒரு சமூகவியல் ஆய்வேடு எதையும் விலக்காதபோது 31 காட்டியது. நூற்பட்டியலை விலக்கியதும் 22 ஆனது. மேற்கோள்களையும் விலக்கி, பத்துச் சொல்லுக்குக் குறைந்தவற்றையும் தள்ளியபோது 9. எழுதியவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆகவே அமைப்பைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எண்ணோடு அமைப்பையும் எழுதி வாங்குங்கள்.

இந்த வடிகட்டிகளிலும் ஓட்டைகள் உண்டு. மேற்கோளை விலக்கு என்றால் கருவி இரட்டை மேற்கோள்குறியைத் தேடும். ஒற்றைக் குறியைப் பல கருவிகள் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் நேர்மையாக ஒற்றைக் குறிக்குள் மேற்கோள் காட்டியவருக்கு எண் ஏறும். இரண்டு பக்கத்தை அப்படியே எடுத்து, முன்னும் பின்னும் இரட்டைக் குறியை வெள்ளை நிறத்தில் போட்டு வைத்தவருக்கோ இறங்கும். எனவே நான் முதலில் எதையும் விலக்காமல் ஒருமுறை பார்ப்பேன், அப்புறம்தான் ஒவ்வொன்றாக விலக்குவேன். எங்கே திடீரென்று எண் சரிகிறதோ அங்கே போய் நின்று பார்ப்பேன்.

டர்னிட்டினில் நிறமும் உண்டு. பொருத்தமே இல்லையென்றால் நீலம், 24 விழுக்காடு வரை பச்சை, அதன் பிறகு மஞ்சள், ஆரஞ்சு, 75இலிருந்து சிவப்பு. பச்சையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டில் 24 விழுக்காடு என்பது 14,400 சொற்கள். ஒரு முழு இயல் அதற்குள் அடங்கிவிடும். நாலாயிரம் சொல் கட்டுரையில் 24 விழுக்காடு 960 சொற்கள்தான், அதில் பெரும்பகுதி ஆய்வுமுறை விளக்கமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வரம்பு வைப்பது எனக்கு எப்போதும் விநோதமாகவே படும். ஆனாலும் வரம்பு வைப்பவர்கள் அப்படித்தான் வைக்கிறார்கள்.

பொருத்தங்களைப் பிரித்துப் பாருங்கள்

வலப்பக்கம் மூலங்களின் பட்டியல் இருக்கும். மொத்தம் 28 என்றால் அந்த 28 எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு விழுக்காடாக இருபத்தெட்டு இடங்களிலிருந்து சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அது துறைச்சொற்களும் வழக்கமான வாக்கியங்களும்தான்: உறுதிமொழிப் பக்கம், நிறுவனப் பெயர்கள், சட்டப்பிரிவுகளின் வாசகம், வேறொருவர் உருவாக்கிய வினாப்பட்டியல். வினாப்பட்டியலை மாற்றி எழுதவே கூடாது, மாற்றினால் அளவீடே கெட்டுவிடும். 12 விழுக்காடு மட்டும் வந்து, அதில் 9 ஒரே மூலத்திலிருந்து என்றால் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

திறந்ததும் மூலத்தின் பெயரை நம்பிவிடாதீர்கள். கருவி காட்டுவது தன் கிடங்கில் அதே வாசகம் கிடைத்த ஓர் இடத்தை. அது முதலில் எழுதப்பட்ட இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கட்டுரை இதழில் வந்திருக்கும், அதை ஏதோ ஒரு குறிப்புத் தளம் வெட்டி ஒட்டியிருக்கும், கருவி அந்தத் தளத்தைக் காட்டும். மாணவர் இதழை முறையாகக் குறிப்பிட்டிருந்தும், 'பெயர் தெரியாத தளத்திலிருந்து எடுத்தார்' என்று புகாரை விசாரிக்கும் குழுவின் கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிடுவார். சில நேரம் மாணவரின் கட்டுரையைத்தான் அந்தத் தளம் எடுத்திருக்கும். வெளியான தேதிகளைப் பாருங்கள்.

இன்னொரு வகை, 'ஒரு பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் தாள்' என்று மட்டும் வருவது. திறந்து பார்க்க முடியாது, அந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இதில் பாதித் தொல்லை நாமே இழுத்துக்கொள்வது. வரைவைச் சோதிக்கும்போது கிடங்கில் சேமிக்கும்படி ஏற்றிவிட்டால், இறுதி வடிவம் வரும்போது அது தன் வரைவோடேயே பொருந்தி 90க்கு மேல் நிற்கும். மாணவர் முகம் வெளிறிப்போய் வந்து நிற்பார். வரைவை ஏற்றும்போது 'கிடங்கில் சேர்க்க வேண்டாம்' என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டால் அந்த மூலத்தை விலக்கி அறிக்கை எடுங்கள், அல்லது நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவரிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

மாணவரே முன்பு வெளியிட்ட கட்டுரை பொருந்தினால் அது தனிக் கேள்வி. ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதச் சொல்வதும் நாம்தான், அப்புறம் கட்டுரை ஆய்வேட்டில் வந்துவிட்டது என்று முறைப்பதும் நாம்தான். முன்னுரையில் 'இந்த இயலின் பகுதி இந்த இதழில் வெளியானது' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மூலத்தை விலக்கிவிடலாம்.

பூஜ்யம் வந்தால் கவனம்

என் அனுபவத்தில் 30ஐ விடவும் 0தான் அதிகம் பார்க்க வேண்டிய எண். அறுபதாயிரம் சொல் எழுதிய எவருக்கும் பூஜ்யம் வராது. நூற்பட்டியல் ஒன்றே நாலைந்து விழுக்காட்டைக் கொண்டுவந்துவிடும்.

தமிழ் ஆய்வேடுகளில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில், திரையில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். கிடங்கில் இருக்கும் ஒருங்குறி (யூனிகோடு) தமிழோடு அது எப்படிப் பொருந்தும்? சோதிப்பது எளிது. பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் சரி. ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒருங்குறிக்கு மாற்றி மறுபடி ஏற்றுங்கள். ஒன்றுமே நகலாகவில்லை என்றால் பக்கங்கள் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. கருவி அதில் எதையும் படித்திருக்காது.

ஒருங்குறியிலும் சிக்கல் தீர்வதில்லை. 'கௌரவம்' என்பதில் பலர் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் தட்டி 'கெளரவம்' என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சொல் பிரிப்பும் அப்படியே. ஒருவர் 'செய்துகொண்டிருந்தனர்' என்று சேர்த்து எழுதுவார், இன்னொருவர் 'செய்து கொண்டு இருந்தனர்' என்று பிரிப்பார். சொல் சொல்லாக ஒப்பிடும் கருவிக்கு அங்கே சங்கிலி அறுந்துவிடும். வேண்டுமென்றே செய்யாமலேயே தமிழ் உரையில் எண் குறைவாக வருவதற்கு இதெல்லாம் காரணம். அதோடு, அச்சில் மட்டும் இருக்கும் நூல்கள் கிடங்கிலேயே இல்லை. நூலக அடுக்கில் நாற்பது வருடமாகத் தூங்கும் ஒரு நூலிலிருந்து ஓர் இயலையே எடுத்தாலும் கருவி வாய் திறக்காது.

வேண்டுமென்றே செய்வதும் உண்டு. ஆங்கிலத்தின் 'ஏ' எழுத்தையும் ரஷ்ய மொழியின் 'அ' எழுத்தையும் பக்கத்தில் வைத்தால் யாராலும் வித்தியாசம் காண முடியாது. ஆங்கில உரை முழுவதும் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் சொற்கள் பொருந்தாது. சொற்களுக்கு இடையே வெள்ளை நிறத்தில் எழுத்துகளை நிரப்புவதும் இதே வேலைதான். இப்போது சில கருவிகள் இவற்றைத் தனியாகக் கொடி காட்டுகின்றன. அந்தக் கொடிப் பகுதியை யாரும் திறப்பதில்லை, திறந்து பாருங்கள். கொடி இல்லாத கருவி என்றால் கோப்பை முழுவதும் தேர்ந்தெடுத்து எழுத்து நிறத்தைக் கறுப்பாக்குங்கள், அப்புறம் எழுத்துப்பிழை சோதனையை ஓட்டுங்கள். சாதாரணச் சொற்களெல்லாம் பிழையென்று அடிக்கோடு வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும்.

கருவி பார்க்காததை எப்படிப் பார்ப்பது

சொல் மாற்றி எழுதுவதுதான் பெரிய ஓட்டை. ஓர் எடுத்துக்காட்டு, நானே எழுதியது. மூலம்: "மண்ணின் ஈரப்பதம் குறையும்போது பயிரின் வேர்கள் ஆழமாக இறங்குகின்றன, மேற்பரப்பு வேர்கள் காய்ந்துவிடுகின்றன." ஆய்வேடு: "நிலத்தில் ஈரத்தன்மை குன்றுகையில் தாவர வேர்கள் கீழ்நோக்கிச் செல்கின்றன; மேல்மட்ட வேர்கள் உலர்ந்துபோகின்றன." கருத்தின் வரிசை அதே, வாக்கியம் இரண்டாகப் பிரியும் இடம்கூட அதே. ஆனால் இரண்டிலும் அப்படியே இருக்கும் சொல் 'வேர்கள்' ஒன்றுதான். அறிக்கையில் இந்தப் பத்திக்கு நிறமே ஏறாது. மூலத்தைக் குறிப்பிடாமல் இப்படியே நாலு பக்கம் போனால் அது திருட்டு. ஆனால் அறிக்கையின் எண் ஒன்றுகூட ஏறாது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்து வைப்பதும் சொல் பொருத்தம் பார்க்கும் கருவிக்குத் தெரியாது. இங்கே உதவுவது வாக்கிய அமைப்புதான். செயப்பாட்டு வினை அடுக்கடுக்காக வரும், தமிழில் யாரும் சேர்க்காத இணைப்புச் சொற்கள் வரும், திடீரென்று ஒரு பத்தியின் நடை மட்டும் வேறொருவருடையதாக இருக்கும். அந்தப் பத்தியின் மையக் கருத்தை ஆங்கிலத்தில் நீங்களே ஒரு வரியாக எழுதித் தேடிப் பாருங்கள்.

சொல் மாற்றும் வேலையை மென்பொருளிடம் விட்டால் வேடிக்கையான தடயம் கிடைக்கும். 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகாசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அறிவியல் கட்டுரைகளில் இத்தகைய சொற்றொடர்களைத் தேடி, 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்று பெயர் வைத்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது, 'பிக் டேட்டா' என்பது 'கொலாசல் இன்ஃபர்மேஷன்'. துறை தெரிந்த எவரும் ஒரு பக்கம் படித்தாலே பிடித்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டுரைகள் வெளியாகித்தான் இருந்தன.

2020இல் தொமாஷ் ஃபொல்டினெக் தலைமையிலான ஒரு குழு எட்டு மொழிகளில் பதினைந்து கருவிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொல்கிறது: சில கருவிகள் கொஞ்சம் உதவும், எல்லாவற்றையும் எதுவும் கண்டுபிடிக்காது, சில நேரம் குற்றமில்லாததையும் காட்டிக்கொடுக்கும்.

அப்படியென்றால் கையால் தேட வேண்டியதுதான். 2011இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் கார்ல் தியோடர் சு குட்டன்பெர்க்கின் சட்ட ஆய்வேடு மாட்டியதும் அப்படித்தான். அதற்கு மதிப்புரை எழுத உட்கார்ந்த ஒரு சட்டப் பேராசிரியர் சில வரிகளைக் கூகுளில் தேடினார். பிறகு தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்து, 393 பக்கங்களில் 371இல் எடுத்தாண்ட பகுதிகள் இருப்பதாகப் பட்டியலிட்டார்கள். மிக உயர்ந்த தரம் பெற்ற ஆய்வேடு அது. பட்டமும் போயிற்று, பதவியும் போயிற்று.

நான் செய்யும் முறை இது. ஒவ்வொரு இயலிலும் நடை மாறும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். அதில் ஆறேழு சொற்கள் கொண்ட, கொஞ்சம் அபூர்வமான ஒரு தொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுவேன். கிடைக்கவில்லை என்றால் ஒட்டி எழுதியதைப் பிரித்து, பிரித்ததை ஒட்டி மறுபடி தேடுவேன். கூகுள் புக்ஸிலும் இணைய நூல் காப்பகங்களிலும் பார்ப்பேன். அடிக்குறிப்புகளையும் விடமாட்டேன். எடுக்கப்பட்ட பத்தியோடு மூலத்தின் அடிக்குறிப்பும் அதன் எழுத்துப்பிழையோடு சேர்ந்தே வந்திருக்கும். தவறான பக்க எண் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை.

நிரல் எழுதும் பாடங்களுக்கு உரை ஒப்பிடும் கருவி பயன்படாது. 1994இல் உருவான மோஸ் போன்றவை அதற்கென்றே உள்ளன. அதில் ஆசிரியர் கொடுத்த தொடக்க நிரலை அடிப்படைக் கோப்பாகச் சேர்க்காமல் ஓட்டினால் வகுப்பில் எல்லாரும் எல்லாரையும் பார்த்து எழுதியதாகவே வரும்.

செயற்கை நுண்ணறிவு எண்ணைத் தனியாக வையுங்கள்

இப்போது அதே அறிக்கையோடு 'இத்தனை விழுக்காடு ஏஐ எழுதியது' என்று இன்னோர் எண்ணும் வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், பேசக் கூடாது. ஒப்புமை எண்ணுக்குப் பின்னால் திறந்து பார்க்க ஒரு மூலம் இருக்கிறது. ஏஐ எண்ணுக்குப் பின்னால் எதுவுமே இல்லை, ஒரு கணிப்பு மட்டும். மாணவர் "நான்தான் எழுதினேன்" என்றால் எதை எடுத்துக் காட்டுவீர்கள்?

ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதிய உரையில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகச் சொன்னது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறித்தது. துல்லியம் போதாது என்று ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அந்தக் கருவிகள் ஏஐ எழுதியது என்றன. எளிய சொற்களில், எதிர்பார்த்தபடியே போகும் வாக்கியங்களில் எழுதினால் கருவி சந்தேகப்படுகிறது. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? அந்த எண் வந்தால் அதை வைத்து யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள். வேண்டுமானால் உட்கார்ந்து பேசுங்கள்: இந்த நூலை எந்தப் பதிப்பில் படித்தீர்கள், இந்த வகைப்பாட்டை ஏன் விட்டுவிட்டு அதை எடுத்தீர்கள், மூன்றாம் அட்டவணையில் இந்த எண் ஏன் குறைகிறது. தானே எழுதியவர் தடுமாறினாலும் பதில் சொல்லிவிடுவார். காசு கொடுத்து எழுதி வாங்கியவரும் இந்த இடத்தில்தான் மாட்டுவார். அவருடைய ஒப்புமை எண் மிக அழகாக இருக்கும், யாரோ புதிதாக உட்கார்ந்து எழுதியது அல்லவா!

மாணவருக்கும் குழுவுக்கும்

மாணவர்களே, எண்ணைக் குறைக்கச் சொன்னால் சொற்களை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். நிறம் ஏறிய இடத்துக்குப் போய் மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள்: மேற்கோளாக்கி மூலம் கொடுங்கள், மூலத்தை மூடிவைத்துவிட்டு நீங்கள் புரிந்துகொண்டதை எழுதி அப்போதும் மூலம் கொடுங்கள், தேவையில்லை என்றால் வெட்டிவிடுங்கள். வினாப்பட்டியல், சட்ட வாசகம், துறைச்சொல் என்றால் மாற்றாதீர்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று நெறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பழைய வரைவுகளை அழிக்காதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானே இருக்கும், வேர்டில் என்றால் வாரம் ஒரு நகலைத் தேதியிட்டுச் சேமியுங்கள். பின்னால் ஒரு கேள்வி வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

குழுவுக்குக் குறிப்பு எழுதும் நெறியாளர் எண்ணை முதல் வரியில் எழுத வேண்டாம். இரண்டு பத்திகளாகத் தாளைப் பிரித்து, இடப்பக்கம் ஆய்வேட்டின் வாசகம், பக்க எண்ணோடு. வலப்பக்கம் மூலத்தின் வாசகம், வெளியான ஆண்டோடும் பக்க எண்ணோடும். கருவி காட்டியது எது, கையால் கண்டது எது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். மூலம் எங்காவது குறிப்பிடப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மாணவர் சொன்ன விளக்கத்துக்குக் கீழே இடம் விடுங்கள். கடைசியில் கருவியின் பெயர், ஓட்டிய தேதி, என்னென்ன விலக்கப்பட்டது, அதன் பிறகு வந்த எண். எண்ணுக்கு அந்தக் கடைசி வரி போதும்.